ஒதுக்க வேண்டியது பொருளை, ஆளை அல்ல

வீட்டை ஒழுங்காக வைத்திருப்பது தர்மத்தில் சேருமா, அல்லது அது வெறும் பழக்கம்தானா? அன்புக்கொடி மக்களின் வீடுகளில் இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனாலும் அது தினமும் எழுகிறது. பரணைப் பார்த்து மருமகள் பெருமூச்சு விடும்போது எழுகிறது. "அதத் தொடாத" என்று மாமியார் சொல்லும்போது எழுகிறது. தேடிய சாவி கிடைக்காமல் பணிவிடைக்கு நேரமாகிவிட்டது என்று ஒருவர் சத்தம் போடும்போதும் எழுகிறது.

கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்து, செங்கல்பட்டு, மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, திருப்போரூர், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று வேரூன்றிய குடும்பங்கள் பல. கீழே கடை, மேலே வீடு என்று வாழ்பவர்கள் உண்டு. அங்கே கடையின் காலிச் சாக்கும் அட்டைப்பெட்டியும் எண்ணெய் டின்னும் மெல்ல மாடிப்படி ஏறி வந்துவிடுகின்றன. பரணில் ஊரிலிருந்து வந்த பித்தளைப் பாத்திரம் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் பிள்ளைகள் படித்து முடித்த புத்தகம், ஓடாத மிக்சி, கல்யாணத்துக்கு வந்து இன்னும் பிரிக்காத பரிசுப் பெட்டி. இவற்றுக்கு நடுவே ஒரு சுவரில் அய்யாவின் கண்ணாடியும் அதன் முன்னே ஒரு விளக்கும்.

அய்யாவழியில் சிலை இல்லை. பதியிலும் தாங்கலிலும் கண்ணாடி இருக்கிறது, எதிரே விளக்கு எரிகிறது. நாமமிட்டு வந்து நிற்பவர் அதில் தன் முகத்தையே காண்கிறார். இறைவன் உனக்குள் இருக்கிறார் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடிக்கு ஓரவஞ்சனை தெரியாது. நிற்பவரின் நெற்றி நாமத்தைக் காட்டும் அதே கண்ணாடி, அவர் முதுகுக்குப் பின்னால் கிடக்கும் குவியலையும் காட்டுகிறது. வீட்டில் கண்ணாடி வைத்து வணங்குபவர் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார். ஒன்றை வணங்கி, மற்றொன்றைக் காணாததுபோல் இருக்கலாமா என்பதே கேள்வி.

சுத்தம் என்ற சொல் பட்ட காயம்

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுமுன், சுத்தம் என்ற சொல் நம் முன்னோரை எப்படிப் புண்படுத்தியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பழைய திருவிதாங்கூரில் ஒருவர் சுத்தமானவரா அசுத்தமானவரா என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. எத்தனை முறை குளித்தாலும், எவ்வளவு வெளுத்த துணி உடுத்தினாலும், தாழ்ந்தவர் என்று சொல்லப்பட்டவர் விலகித்தான் நிற்க வேண்டும். கோயில் வாசல் இல்லை, பொதுக் கிணறு இல்லை. பெண்கள் தோள் மறைத்துத் துணி உடுத்தவும் உரிமை இல்லை. சுத்தம் என்ற சொல் அங்கே வழி மறித்து நின்ற ஒரு சுவர்.

அந்தச் சொல்லை அய்யா என்ன செய்தார்? சுத்தம் ஒரு பொருட்டே அல்ல என்று தள்ளிவிடவில்லை. பிறப்பிலிருந்து அதைப் பிடுங்கி, அவரவர் கையில் கொடுத்தார். சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து மீண்ட பிறகு, எழுநூறு குடும்பத்தாரை வாகைப்பதிக் கடற்கரைக்குத் துவையல் தவசுக்கு அனுப்பினார். ஆணும் பெண்ணும் அங்கே துணி துவைத்து, கடலில் குளித்து, எளிய மரக்கறி உணவு உண்டு, அய்யாவை நினைத்து வாழ்ந்தார்கள். தவம் என்றால் காட்டுக்குப் போவது, மூச்சை அடக்குவது என்றிருந்த நாட்டில், துணி துவைப்பதே தவம் ஆனது. அந்தத் தவசுக்கு உலகத்தார் அறிந்த பெயரே துவையல்தான்.

சாமிதோப்பு முந்திரிக் கிணற்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்தச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்துக் குளித்தார்கள், குடித்தார்கள். ஆண்கள் தலையில் பாகை கட்டி நிமிர்ந்து நின்று வழிபட்டார்கள். துவையலையும் கிணற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அய்யா காட்டிய சுத்தத்தின் இரண்டு அளவுகள் தெரியும். முதலாவது, சுத்தம் அவரவர் கைவேலை. இரண்டாவது, அது அடுத்தவரை உள்ளே அழைக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது பழைய சுவர்தான், புதிதாக வெள்ளை அடித்திருக்கிறது, அவ்வளவே.

தமிழில் ஒதுக்குவது என்றொரு சொல் உண்டு. வீட்டை ஒதுக்கு என்றால் ஒழுங்கு செய் என்று பொருள். ஆளை ஒதுக்கு என்றால் விலக்கி வை என்று பொருள். ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ஆளை ஒதுக்கிய காலத்தின் வலியை அறிந்த குலம், பொருளை ஒதுக்கும்போது யாரையும் சேர்த்து ஒதுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓலைப்பெட்டியும் தள்ளுபடியும்

வீட்டில் பொருள் சேர்வதற்கு இரண்டு வேர்கள் உண்டு. இரண்டுக்கும் ஒரே மருந்து செல்லாது.

முதல் வேர் இல்லாமை. பனங்காட்டில் வளர்ந்த தலைமுறைக்கு வீணான பொருள் என்று ஒன்று இருந்ததில்லை. ஓலை கூரையானது, பெட்டியானது, கடகமானது. நார் கயிறானது, மட்டை விறகானது. அப்படி வளர்ந்த ஒரு தாய், உடைந்த பிளாஸ்டிக் வாளியைக்கூட எறிய மனமின்றி மாடியில் வைத்தால், அதை ஆசை என்று பழிக்கக் கூடாது. பட்டினி கற்றுக்கொடுத்த பாடம் அது. அவர் தூங்கும்போது மூட்டை கட்டி வெளியே தள்ளுவது, அவருடைய வாழ்நாளையே குப்பை என்று சொல்வதற்குச் சமம். வீடு சுத்தமாகும், ஆனால் அவர் ஒதுக்கப்பட்டுவிடுவார்.

இங்கே வேண்டியது அய்யா பெரிதாக வைத்த பொறுமை. பரணிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பொருளை மட்டும் இறக்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

"அத்தை, இந்த ஓலைப்பெட்டி எந்த ஊருல வாங்கினது?"

"வாங்கல மக்கா. எங்க அம்ம முடைஞ்சு தந்தது."

"இத யாருக்குக் குடுக்கலாம் அத்தை?"

"சின்னவ மகளுக்குக் குடு. பூ போட்டு வைக்கட்டும்."

இப்படிக் கேட்டால் பொருளின் கதை வீட்டில் தங்கிவிடும், பொருள் தேவையான கைக்குப் போய்ச் சேரும். எதைக் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு அவருடையதாக இருக்கும்போது, பறிகொடுத்த வருத்தம் அவருக்கு வராது. சிலவற்றை அவர் கொடுக்கவே மாட்டார். அவை அவருடைய காலம் வரை இருந்துவிட்டுப் போகட்டும். நாலு பெட்டி இடத்தை அடைப்பதால் எந்தக் குடும்பமும் கெட்டதில்லை.

இரண்டாவது வேர் மிகுதி. இது பாட்டியின் பரணில் இல்லை, பேரனின் கைப்பேசியில் இருக்கிறது. தள்ளுபடி என்பதற்காக வாங்கியது, பக்கத்து வீட்டில் இருப்பதால் வாங்கியது, மாதத் தவணை என்பதால் விலை தெரியாமல் வாங்கியது. கலி என்பது எங்கோ கொம்பும் பல்லுமாய் நிற்கும் அரக்கன் மட்டும் அல்ல, மாயையாய் மனத்துக்குள் குடியிருப்பது என்று அய்யாவழி சொல்லுகிறது. இருப்பது போதாது என்ற நினைப்பைவிடக் கலிக்கு வசதியான குடியிருப்பு ஏது? இந்த வேரை வெட்டப் பரணில் ஏற வேண்டாம், வாசலில் நின்றால் போதும். ஒரு புதுச் சட்டை உள்ளே வருமுன் ஒரு நல்ல சட்டை யாருக்குப் போகிறது என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டால், பாதிப் பொருள் கடையிலேயே நின்றுவிடும்.

குவியல் சும்மா இருப்பதில்லை

"கிடந்தால் கிடக்கட்டுமே, யாருக்கு என்ன கெடுதல்?" என்று கேட்பார் உண்டு. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்து மருந்துக்குக் கொடுத்துவிட்டு, பாம்பை மீண்டும் காட்டில் விடுகிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும் என்பது அந்த மக்களுக்குச் சிறு பிள்ளையிலிருந்தே தெரிந்த பாடம். கொல்லையில் செங்கல்லும் விறகும் சாக்குமாய்க் கிடந்தால் எலி குடியேறும், எலியின் பின்னால் மற்றது வரும். பாம்பின் மேல் குற்றம் இல்லை, அதை அழைத்தது குவியல்.

கொசுவின் கதையும் அதுதான். டெங்கு பரப்பும் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. மாடியில் கிடக்கும் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த வாளி ஆகியவற்றில் தேங்கும் கொஞ்சம் நல்ல தண்ணீர் அதற்குப் போதும். முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதம் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அந்தக் கொசு வளர்த்தவர் வீட்டோடு நிற்காது. பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கடிக்கும். ஆகவே மாடிக் குவியல் ஒரு வீட்டின் சொந்த விஷயம் என்று சொல்ல முடியாது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டபோது, முடிச்சூர், தாம்பரம் பக்கத்தில் வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. தண்ணீர் ஏறும் நேரத்தில் மனிதர் கையில் எடுத்தது பிள்ளைகளையும், முதியவரையும், சில காகிதங்களையும்தான். தண்ணீர் வடிந்தபின் மெத்தையும் பீரோவும் மின்சாதனமும் தெருவில் மலைபோல் கிடந்தன. பல ஆண்டு உழைப்பு அப்படிப் போனது பெரிய துயரம். அதில் ஒரு பாடமும் இருந்தது. பத்திரம், மருந்து, மருத்துவச் சீட்டு, பிள்ளைகளின் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் கை போய் எடுக்க முடிந்த வீடு தப்பியது. எல்லாவற்றையும் வைத்திருந்தும் எது எங்கே என்று தெரியாத வீடு தவித்தது.

கொடுப்பதிலும் மானம் உண்டு

தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே அய்யா சொன்ன தர்மத்தின் சாரம். ஆகவே வீட்டில் உபயோகமின்றிக் கிடக்கும் நல்ல பொருள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குப் போகவேண்டியது, வழியில் நம் பரணில் தங்கிவிட்டது என்று நினைப்பதே சரி. பத்துப் போர்வை வைத்திருக்கும் வீட்டின் தெருமுனையில் ஒருவர் மார்கழிப் பனியில் கோணிச்சாக்கோடு படுத்திருந்தால், ஒன்பதாவது போர்வை யாருடையது?

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி, மாமல்லபுரம் கடற்கரை உட்படத் தமிழகக் கரையின் பல இடங்களில் மீனவர் வீடும் படகும் வலையும் போயின. நாடெங்கும் மக்கள் இரங்கி உதவி அனுப்பினார்கள். அதோடு லாரி லாரியாகப் பழந்துணியும் வந்தது. கிழிந்தது, கறை படிந்தது, அந்த ஊரில் யாரும் உடுத்தாதது. நாகப்பட்டினம் பக்கத்தில் அவை சாலையோரத்தில் குவிந்து கிடந்தன. அதுவரை கடலில் தன் கையால் உழைத்து உண்டவர்கள், ஒருவரிடமும் கையேந்தாதவர்கள், அந்தத் துணியைத் தொட மறுத்தார்கள். அவர்கள் மறுத்ததில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை, மானம் இருந்தது. மானமாய் வாழவேண்டும் என்று அய்யா தம் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது வேறு எதை?

தன் வீட்டுக் குப்பையை ஏழையின் வீட்டுக்கு இடம் மாற்றுவது தர்மக் கணக்கில் ஏறாது. கொடுப்பதற்குமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இது இந்த வீட்டில் யாருக்காவது பயன்படுகிறதா? இல்லையென்றால், வாங்குபவர் முகம் பார்த்து, என் கையால் இதைக் கொடுக்க எனக்குக் கூச்சம் வருமா? கூச்சம் வருமென்றால், துவைத்து, தைத்து, பழுது பார்த்துக் கூச்சமில்லாமல் ஆக்க முடியுமா? மூன்றாவது கேள்விக்கும் இல்லை என்றே பதில் வந்தால் அது குப்பை. அதைப் பழைய இரும்புக் கடைக்கோ, தூய்மைப் பணியாளரிடமோ கொடுப்பதே நேர்மை.

அங்கேயும் தர்மம் முடிவதில்லை. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் விதி 2016இலிருந்து இருக்கிறது. விதிக்காக மட்டும் அதைச் செய்வதா? உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றாமல் பையில் போட்டால், அது கிழிப்பது ஒரு மனிதரின் விரலை. யாரை உலகம் இன்னும் ஒதுக்கி வைக்கப் பார்க்கிறதோ, அவருடைய விரலை. அழுகியதும் பழையதும் ஒன்றாய்க் கலந்த பையை அவர் கையில் திணித்துவிட்டு, உள்ளே வந்து கண்ணாடி முன் நின்றால், அதில் தெரியும் முகம் என்ன சொல்லும்?

போகியன்று எரித்துவிடுவதும் வழியல்ல. ஓலைப்பாயும் பழைய கூடையும் எரிந்த காலம் வேறு. இப்போது எரிவது பிளாஸ்டிக்கும் டயரும். அந்தப் புகையில் திணறுவது தெருவின் மூச்சிரைப்பு நோயாளியும் கைக்குழந்தையும்தான். வீட்டுக் குவியலைப் பிறர் நெஞ்சுக்குள் குவிப்பது சுத்தம் ஆகாது.

யார் கை?

துவையல் தவசில் வேலை எல்லார் கையிலும் இருந்தது. இன்றைய வீட்டில் அந்த வேலை யார் கையில் இருக்கிறது? பெரும்பாலும் ஒரு பெண்ணின் கையில். நாலு பேர் போட்டதை ஒருத்தி எடுத்து வைக்கும் வீடு பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அதில் மூன்று பேருக்குத் தவசு இல்லை. உண்ட தட்டைத் தானே கழுவுவது, அவிழ்த்த சட்டையைத் தானே மடிப்பது, படுத்த பாயைத் தானே சுருட்டுவது ஆகியவை ஐந்து வயதுப் பிள்ளையாலும் எழுபது வயதுப் பெரியவராலும் ஆகும். பாகை கட்டும் தலைக்குத் துடைப்பம் பிடிக்கும் கை குறைவல்ல.

வீட்டு வேலைக்கு ஓர் அக்கா வருகிறார் என்றால் அவர் குடிக்கும் டம்ளரைப் பார்க்க வேண்டும். அது தனியாக ஜன்னலோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தால், அந்த வீட்டில் எத்தனை பளபளப்பு இருந்தாலும் முந்திரிக் கிணற்றின் தண்ணீர் அங்கே வந்து சேரவில்லை என்று பொருள். வீட்டை மிக ஒழுங்காக வைக்கிறவர்களுக்கு ஏற்படும் ஆபத்தும் இதுவே. குழந்தை ஓடினால் திட்டு, விருந்தாளி சோபாவில் உட்காரத் தயக்கம், மண் ஒட்டிய காலோடு வந்த உறவினருக்கு வாசலோடு பேச்சு. ஒழுங்கு என்ற பெயரில் மனிதரை வெளியே நிறுத்தும் வீட்டைவிட, நாலு பெட்டி அதிகமாய்க் கிடந்தாலும் வந்தவருக்குப் பாய் விரிக்கும் வீடே மேல்.

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைப் பார்க்காத செங்கல்பட்டுக் குடும்பம் இருக்காது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன் பல்லவர் காலச் சிற்பிகள் அவற்றைக் கல்மேல் கல் வைத்துக் கட்டவில்லை. நின்ற பாறையில் மேலிருந்து கீழாக வேண்டாத கல்லைச் செதுக்கி எடுத்தார்கள். எடுக்க எடுக்கத் தூணும் வாசலும் வெளிப்பட்டன. சில இடங்களில் அடிப்பகுதி முடியாமலே நிற்கிறது, ஆனாலும் அதைக் குறை என்று யாரும் திரும்பிப் போவதில்லை. வீடும் அப்படித்தான். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை, முழுக்க முடியவும் வேண்டியதில்லை. உள்ளே நுழைய ஒரு வாசல் தெரிந்தால் போதும்.

சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் குடும்பமே சேர்ந்து ஒரே ஒரு மூலையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் பரண், ஒரு வாரம் கட்டிலடி, ஒரு வாரம் மாடி. எடுத்ததில் நல்லதைத் துவைத்து, மடித்து, யாருக்கு என்று பெயர் சொல்லி வைக்கலாம். ஞாயிறு காலை தாங்கலுக்குப் போகும் வழியில் அது உரியவர் கைக்குப் போகட்டும். அருகில் தாங்கல் இல்லாதவர்கள் வீட்டில் விளக்கேற்றி உகப்படிப்புப் படித்தபின், காலியான அந்த மூலையில் ஒரு பாய் விரித்து, தெருவில் தனியாய் இருக்கும் முதியவர் ஒருவரைக் கூப்பிட்டு, குடும்பத்தோடு ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சோறு போடலாம்.

அந்த இடத்தில் நேற்றுவரை ஓடாத மிக்சி இருந்தது. இன்று ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். வீடு ஒதுக்கியதன் பலன் அதுதான்.

அய்யா உண்டு.